எழுபதடிக் கிணற்றில் ஒரு பூமி

(இரண்டாம் ஆண்டு மாணவி, சிவில் பொறியியல்)

மலர்க் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர், "உனக்குத் தெரிந்த அறிவியல் விஷயம் ஏதாவது எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதித் தாயேன்" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எங்க அப்பா கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் நான் முழித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதையே எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன். நண்பர்கள் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டில் பாடப் புத்தகம் கையில் எடுத்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் சத்தம் போட்டுப் படித்தால் வீடே கேட்கும். முதலாண்டில் ஒருநாள் ராத்திரி பாறை வகைகள் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். பூமியின் மேலே மேலோடு, அதற்குக் கீழே கவசம், நடுவில் கருவம்... திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா, உள்ள போயி யாரு பார்த்தது?" என்றார்.

அப்பா கிணறு வெட்டுகிறவர். முப்பது வருஷமாக அதுதான் தொழில். கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று அவர் கடப்பாரை படாத ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அவர் இறங்கியதிலேயே ஆழமான கிணறு எழுபதடி. "எழுபதடிக்கே மூச்சு முட்டுது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கீழ அடுக்கு அடுக்கா இருக்குன்னு எவன் எறங்கி அளந்தான்? சும்மா எழுதி வச்சதைப் படிக்கிறியா?" என்று கேட்டபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் அடுக்குகளின் பெயர் இருந்ததே தவிர, அது எப்படித் தெரிந்தது என்று ஒரு வரிகூட இல்லை! அடுத்த ஆறு மாதம் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தும், எங்கள் விரிவுரையாளரை நச்சரித்தும் சேர்த்த பதில்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முதலில் ஒரு கணக்குப் போட்டேன். பூமியின் மேற்பரப்பிலிருந்து நடுமையம் வரை 6,371 கி.மீ. அதையே அப்பாவின் எழுபதடிக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். கிணற்றின் வாய் நாம் நிற்கும் தரை. அடிமட்டம் பூமியின் நடுப்புள்ளி.

இந்தக் கிணற்றில் மனுஷன் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறான்? நம் தமிழ் ஆட்கள் ஏராளமானோர் வேலை பார்த்த கோலார் தங்கவயல், 2001ல் மூடப்பட்டது, 3 கி.மீ.க்கும் மேல் ஆழம். நம் கணக்குக் கிணற்றில் அது அரை அங்குலம்கூட வராது. ஆளே இறங்காமல் துளை மட்டும் போட்டதில் பழைய சோவியத் ருஷ்யாவின் கோலா துளைக்குப் பெரிய பெயர். 1989ல் 12,262 மீட்டரைத் தொட்டது. அடியில் 180 டிகிரி சூடு. அதற்கு மேல் துளைக்க முடியாமல் நின்றுபோனது. அந்தத் துளையின் நீளம் நம்ம காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற தூரம்கூட இல்லை. எழுபதடிக் கிணற்றில் அது ஒன்றரை அங்குலம்!

"அப்போ நான் கேட்டது சரிதானே?" என்றார் அப்பா. சரிதான். யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இது அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. ஏனென்றால் அவரே அப்படிச் செய்கிறவர்தான். கடப்பாரையைத் தரையில் குத்தி, வருகிற சத்தத்தை வைத்தே கீழே கெட்டிப்பாறையா, உதிரிப்பாறையா என்று சொல்லிவிடுவார். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கும் அது தெரியாத வித்தை இல்லை. பூமியைத் தட்டுவதற்கு அவ்வளவு பெரிய சுத்தியல் எங்கே கிடைக்கும்? பூகம்பம்தான் அந்தச் சுத்தியல்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1897ம் வருஷம் ஜூன் 12ந் தேதி அஸ்ஸாம், ஷில்லாங் பகுதியில் பயங்கரமான பூகம்பம் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம் என்ற ஆங்கிலேயர் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். தூர தேசத்துக் கருவிகளில் பதிவான கோடுகளையும் வாங்கிப் பார்த்தார். ஒரே பூகம்பத்திலிருந்து வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு வகை அலைகள் வந்து சேருகின்றன என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது பி-அலை. அடுத்தது எஸ்-அலை. கடைசியில் மேற்பரப்பிலேயே உருண்டு வரும் அலை.

பி-அலை, எஸ்-அலை என்றால் என்ன? கொப்புடைய அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். பின்னால் ஒருவர் இடித்தால் அந்த இடி அடுத்தவர், அடுத்தவர் என்று முன்னால் நிற்பவர் முதுகு வரை போகும். அதுதான் பி-அலை. முன்னும் பின்னுமாகத் தள்ளுவது. தேர் வடத்தைத் தரையில் போட்டு ஒரு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் உதறுங்கள். வளைவு பாம்பு மாதிரி ஓடும். அது எஸ்-அலை. தள்ளுமுள்ளு கூட்டத்திலும் போகும், தண்ணீரிலும் போகும். உதறல் போக வேண்டுமென்றால் வடம் மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும் கெட்டிப் பொருள் வேண்டும். தண்ணீரை உதற முடியுமா? முடியாது. ஆகவே எஸ்-அலை திரவத்துக்குள் போகாது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், பூமியின் வயிற்றைப் படித்துவிடலாம்.

1906ல் ஓல்ட்ஹாம், பூமியின் நடுவே வேறு தன்மையுள்ள ஒரு கருவம் இருக்கிறது என்று அறிவித்தார். அங்கே புகுந்த அலைகள் நேரம் தவறி வந்தன. 1909ல் மொகரோவிசிக் என்ற குரோஷிய அறிஞர், தரைக்குக் கீழே சில பத்து கி.மீ. ஆழத்தில் அலைகளின் வேகம் திடீரென்று கூடுவதைக் கண்டார். மேலோடு முடிந்து கவசம் ஆரம்பிக்கும் இடம் அது. தூரத்து ஊர்களில் எஸ்-அலையே நேராக வந்து சேராத ஒரு பெரிய நிழல் விழுகிறது. ஆகையால் கருவம் திரவம்தான் என்று 1926ல் ஜெஃப்ரீஸ் முடிவு கட்டினார். பத்து வருஷம் கழித்து, 1936ல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற அம்மையார், நியூசிலாந்தில் நடந்த பூகம்பத்தின் பதிவுகளைப் பார்த்து, வரக்கூடாத இடத்தில் வந்திருந்த மெல்லிய பி-அலைகளைக் கவனித்தார். திரவக் கருவத்துக்குள்ளே இன்னொரு கெட்டி உருண்டை இருந்தால்தான் இப்படித் திரும்பி வரும் என்றார். அதுதான் உட்கருவம். இந்த அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 1993ல் மறைந்தார். எங்கள் வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் இவர் பெயரை இங்கே எழுதுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

இப்போது நம் எழுபதடிக் கிணற்றுக்கு வருவோம். கண்டப் பகுதிகளில் மேலோட்டின் கனம் சராசரி 35 கி.மீ. அளவு. நம் கிணற்றில் அது அரைச் சாண். மலை, ஆறு, தாமிரம், தங்கம், கோயில், குளம், நாம் எல்லாரும் அந்த அரைச் சாணுக்குள் அடக்கம். கடலுக்கு அடியில் இன்னும் மெல்லிசு, 7 கி.மீ. அளவுதான். அங்கிருந்து கிட்டத்தட்ட முப்பத்திரண்டு அடி வரை கவசம் (2,890 கி.மீ.). அதன் கீழே ஐம்பத்தாறரை அடி வரை திரவ இரும்பும் கொஞ்சம் நிக்கலும் கலந்த வெளிக்கருவம் (5,150 கி.மீ.). கடைசிப் பதின்மூன்றரை அடி, கெட்டி இரும்பு. அங்கே சூடு 5,000 டிகிரிக்கும் மேல். இருந்தும் உருகவில்லை. மேலே இருக்கும் அத்தனை பாரமும் அதை நெருக்கிப் பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். மேலோட்டுக்குக் கீழே நெருப்புக் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது, அதில் நாம் படகு மாதிரி மிதக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கவசத்துக்குள் எஸ்-அலை ஜோராகப் போகிறதே! அப்படியானால் அது கெட்டிதானே? கெட்டியான பொருள் எப்படி நகரும்? ரோடு போடுகிற இடத்தில் தார் டிரம் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த தாரைச் சுத்தியால் அடித்தால் கல் மாதிரி தெறிக்கும். அதையே கவிழ்த்துப் போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தானாகவே வழிந்து பரவியிருக்கும். அவசரத்துக்குக் கெட்டி, நிதானத்துக்குக் குழம்பு. கவசமும் அப்படித்தான். பூகம்ப அலைக்குக் கல். கோடி வருஷக் கணக்குக்குப் பாகு.

அடியில் சூடான பகுதி மெல்ல மேலே வரும், மேலே ஆறிய பகுதி கீழே இறங்கும். உலையில் அரிசி சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி. மேலோடும் கவசத்தின் இறுகிய மேல்பகுதியும் சேர்ந்து, காய்ச்சிய பாலின் மேலே கட்டுகிற ஏடு போல, துண்டு துண்டாக உடைந்து கிடக்கின்றன. இந்தத் துண்டுகளுக்குத்தான் தட்டுகள் என்று பெயர். பெரியவை ஏழு. அதற்கடுத்த அளவில் நம்முடையதும் ஒன்று: இந்தியத் தட்டு.

தட்டுகளை நகர்த்துவது எது? உலை மாதிரிச் சுழற்சி என்று பாடத்தில் படித்தோம். அது பாதிக் கதைதான். ஆறிப்போன பழைய கடல்தளம் கனம் கூடி, ஓரத்தில் கவசத்துக்குள் சரிந்து இறங்கும்போது, பின்னால் இருக்கும் தட்டு முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. கொடியில் ஈரச்சேலையைப் போடும்போது ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? முழுச் சேலையும் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விழும். அம்மா திட்டுவார்கள். அவ்வளவுதான் அதன் தத்துவம்!

கண்டங்கள் நகருகின்றன என்று 1912ல் முதலில் அடித்துச் சொன்னவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வெகனர். எது நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. பெரியவர்கள் பலர் சிரித்தார்கள். 1930ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்துபோனார். 1960களில்தான் கடல்தளம் நடுவில் பிளந்து இருபக்கமும் விரிவது தெரியவந்தது. அதே காலத்தில், அணுகுண்டு சோதனைகளைக் கண்டுபிடிப்பதற்காக உலகம் முழுக்க ஒரே மாதிரி நிலஅதிர்வுக் கருவிகள் வைத்தார்கள். நம் கொடைக்கானலும் அதில் ஒரு நிலையம். அந்தக் கருவிகள் சொன்ன பூகம்பப் புள்ளிகளை வரைபடத்தில் குறித்தபோது, அவை கோடு கிழித்தாற்போல் வரிசை வரிசையாக நின்றன. அந்தக் கோடுகள்தான் தட்டுகளின் ஓரங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு அப்பா சொன்னது: "எல்லாம் சரித்தா. ஆனா எல்லாம் வெளிநாட்டுக் கதையாவே இருக்கு. நம்ம மண்ணுல என்ன இருக்கு?"

நம் மண்ணில்தான் விஷயமே இருக்கிறது.

சிவகங்கைப் பக்கம் தமிழ்நாடு கனிமக் கழகம், அதாவது டாமின், கிராபைட் வெட்டி எடுக்கிறது என்பது நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரியும். பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புதான் கிராபைட். உலோகம் உருக்கும் மூசைகளுக்கும், சூளைச் செங்கல்லுக்கும், லித்தியம் பேட்டரிக்கும் வேண்டிய பொருள். அது வெறும் கரி. எந்தக் கரி? ஆதிகாலத்துக் கடல் சேற்றில் செத்து மக்கிய நுண்ணுயிர்களின் கரி என்பது புவியியலார் கருத்து. அந்தச் சேறு பூமிக்குள் ஆழமாகப் புதைந்து, வெந்து, நசுங்கி, கரியெல்லாம் செதில் செதிலாகப் பளபளக்கும் கிராபைட்டாகிவிட்டது.

எவ்வளவு ஆழம்? மதுரை வட்டாரத்துப் பாறைகளில் உள்ள கனிமங்களைப் பரிசோதித்தால், 25 கி.மீ. ஆழமும் 800 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் இருந்தால்தான் இவை உண்டாகியிருக்க முடியும் என்று தெரிகிறது. சுமார் 55 கோடி வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம். இரண்டு பெரிய நிலப்பகுதிகள் மோதி, இமயமலை போன்ற ஒரு மலைத்தொடர் எழும்பியிருக்கிறது. அப்புறம் மழையும் காற்றும் கோடிக்கணக்கான வருஷம் அதைத் தேய்த்துக் கரைத்துவிட்டன. தேயத் தேய, பாரம் குறைந்த அடிப்பாறை மேலே எழும்பி வந்தது. மலை போய்விட்டது. வேர் மட்டும் மிச்சம். அந்த வேரின் மேல்தான் சிவகங்கைக்கும் மதுரைக்கும் இடையில் பஸ் ஓடுகிறது!

இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. "அப்போ திருப்பத்தூர்ப் பக்கம் நான் வெடி வச்சுப் பொளந்தது எல்லாம்..." என்று இழுத்தார். ஆமாம். யார் உள்ளே போய்ப் பார்த்தது என்று கேட்டாரே, மேலோட்டின் அடிவயிற்றிலிருந்த பாறை அவரைத் தேடி மேலே வந்திருக்கிறது. முப்பது வருஷமாக அதைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறார்.

சிவகங்கைக்கு மட்டுமா இது? கடலைத் தாண்டினால் இலங்கையில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிராபைட். அங்கே செதிலாக இல்லாமல் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும். அதற்கும் அப்பால் ஆப்பிரிக்கா ஓரத்தில் மடகாஸ்கர் தீவிலும் செதில் கிராபைட். மூன்று இடத்துப் பாறைகளுக்கும் ஒரே மாதிரி வயது, ஒரே மாதிரி வேக்காடு. காரணம், அன்றைக்கு மூன்றும் பக்கத்துப் பக்கத்து நிலம். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த அந்தப் பெருநிலத்துக்கு கோண்ட்வானா என்று பெயர். நம் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரைத்தான் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். நடுவில் உடைந்த பானைச் சில்லுகளைச் சேர்க்கும்போது கோலம் கோட்டோடு கோடு பொருந்துகிற மாதிரி, இந்தக் கறுப்புக் கோடு பொருந்துகிறது.

பானை உடைந்தது எப்போது? ஆப்பிரிக்கப் பக்கம் விரிசல் விட்டது சுமார் 18 கோடி வருஷம் முன்பு. சுமார் 13 கோடி வருஷம் முன்பு நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தது. பிரியும்போது நிலம் இழுபட்டு, பள்ளம் பள்ளமாக உள்வாங்கியது. அப்படி உண்டானதுதான் காவிரிப் படுகை. வடக்கே புதுச்சேரியிலிருந்து தெற்கே ராமநாதபுரம் வரை. அந்தப் பள்ளங்களில் மண்ணும் மணலும் ஆயிரக்கணக்கான அடி சேர்ந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கத்துப் பழைய படிவுகளில் அந்தக் காலத்துச் செடி இலைகளின் அச்சு கிடைத்திருக்கிறது. ராமநாதபுரம் ஜில்லாவில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயுவும் அந்தப் பள்ளத்துச் சொத்துதான்.

இதை நான் படித்துச் சொல்வதற்கு முன்பே அப்பாவுக்குப் பாதி தெரியும் என்பதுதான் வேடிக்கை. "மேக்க போனா பாறை. கெழக்க போனா மணலும் களியும். மேக்க வெடி வேணும், கெழக்க உறை எறக்கணும்." கூலி பேசும்போதே அவர் இதை வைத்துத்தான் பேசுவார். புவியியல் வரைபடத்தில் பழம்பாறைக்கும் காவிரிப் படுகைக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு போகிறது. நம் காரைக்குடி அந்த ஓரத்தையொட்டிப் படுகைப் பக்கம் இருக்கிறது. மேலே செம்மண், செம்புராங்கல், அதற்குக் கீழே மணற்பாறை. சம்பை ஊற்றுத் தண்ணீர் கற்கண்டு மாதிரி இருப்பதற்கும் மணலில் வடிகட்டி வருவதுதான் காரணம். கோண்ட்வானா கிழிந்த ஓரத்தை எங்க அப்பா கூலி வித்தியாசமாக அறிந்து வைத்திருக்கிறார்!

(இலங்கை நம்மோடேதான் இருக்கிறது. அதுவும் இந்தியத் தட்டின் மேல்தான். பாக் கடல் ஆழமில்லாதது. இருபதாயிரம் வருஷத்துக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது நடந்தே போகலாம் என்ற நிலை.)

மடகாஸ்கரும் சுமார் 9 கோடி வருஷம் முன்பு கழன்றுகொண்டது. அப்புறம் இந்தியா தனியாக வடக்கே ஓட்டமெடுத்தது. வருஷத்துக்கு 15 செ.மீ.க்கும் மேல். தட்டுகளின் கணக்கில் அது எக்ஸ்பிரஸ் வேகம். சுமார் 5 கோடி வருஷம் முன்பு ஆசியாவில் போய் முட்டியது. முட்டின இடம் இமயமலை. முட்டியும் நிற்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள ஜி.பி.எஸ். நிலையம், நாம் வருஷத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்கே போய்க்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. விரல் நகம் வளர்கிற வேகம். எனக்கு வயது பதினெட்டு. பிறந்ததிலிருந்து இதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் ஒரு கஜ தூரம் போயிருக்கிறேன்.

வடகிழக்கே என்றால் எங்கே? பர்மாவை நோக்கி. செட்டிநாட்டில் பர்மா என்ற சொல்லைக் கேட்காமல் யாராவது வளர்ந்திருப்பார்களா? பெரிய வீடுகளின் தேக்குத் தூணெல்லாம் அங்கிருந்து கப்பலில் வந்தவை. எங்க அப்பத்தாவின் மாமனார், ஒரு செட்டியார் வீட்டுக் கடைக்குச் சமையல் ஆளாக ரங்கூன் போனவராம். "அங்கெல்லாம் பூமி ஆடும்டி. கோயில் கோபுரமே விழுந்துச்சாம்" என்று அப்பத்தா சொல்லும்போது கட்டுக்கதை என்று நினைத்திருக்கிறேன். தேடிப் பார்த்தால் நிஜம். 1930ம் வருஷம் மே 5ந் தேதி பெகு நகரத்தில் பூகம்பம். அங்கே மிகப் பெரிய ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது. ரங்கூனிலும் சேதம். நம் தட்டு வடக்கே போகும்போது பர்மாவின் நடுவே சகாயிங் பிளவு என்ற நீண்ட கோடு உராய்ந்து உராய்ந்து நிற்கிறது. அதே பிளவு 2025 மார்ச் 28ந் தேதி மறுபடி நழுவியது. அளவு 7.7. மாண்டலேயில் ஆயிரக்கணக்கான பேர் இறந்தார்கள். தூரத்துப் பாங்காக்கில்கூடக் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று சரிந்தது. அன்று டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டே அப்பத்தா, "நான் சொன்னேன்ல" என்றார்கள்.

அதே தட்டோரம் தெற்கே அந்தமான், சுமத்ரா என்று இறங்குகிறது. 2004 டிசம்பர் 26ந் தேதி காலை அங்கே சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு தட்டு உடைந்து நழுவி, கடலடி எழும்பியது. அளவு 9.1. இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். நமக்குப் பக்கத்துத் தொண்டிக் கரை அவ்வளவு அடிபடாததற்குக் காரணம், நடுவில் இலங்கை மறித்து நின்றதுதான். நமக்கு வர வேண்டியதையும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, தட்டின் ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தானே ஆபத்து, நடுவில் இருக்கும் நமக்கு என்ன? இதையும் அப்பாதான் கேட்டார். ஆனால் இந்தத் தடவை கேட்டது சும்மா தெரிந்துகொள்வதற்காக இல்லை. பணத்துக்காக!

போன வருஷம் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் எங்களுக்குப் பணம் வந்தது. மண்சுவரை இடித்துவிட்டுச் செங்கல் வீடு. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது, கொத்தனார் வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் லிண்டல் போட்டால் போதும் என்றார். நான் நான்கு சுவரையும் சுற்றி ஒரே பட்டையாக கம்பி வைத்து கான்கிரீட் போடணும் என்றேன். பத்து எம்.எம். கம்பி இரண்டு, மூன்று அங்குலக் கனம். "எதுக்குத்தா வெட்டிச் செலவு? நம்ம ஊர்ல எங்க பூமி ஆடுது?" என்றார் அப்பா. கொத்தனாரும் சிரித்தார். படிக்கிற பிள்ளை ஏட்டுச் சுரைக்காயைச் சொல்கிறது என்று நினைத்திருப்பார்.

அப்போது நான் சொன்னது லாத்தூரைப் பற்றி. மகாராஷ்டிரத்தில் கில்லாரி என்ற கிராமம். தட்டின் நடு. நம்மைப் போலவே பழம்பாறை பூமி. அன்றைய நிலஅதிர்வு வரைபடத்தில் அந்த இடம் மண்டலம் ஒன்று, அதாவது நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த இடம். 1993 செப்டம்பர் 30ந் தேதி விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு, ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, 6.2 அளவில் பூமி அதிர்ந்தது. கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் போனார்கள். அளவைப் பார்த்தால் பெரிய பூகம்பமே இல்லை. வீடுகள் அப்படி. கனமான கருங்கல் சுவர், நடுவில் சாந்துக்குப் பதில் மண், மேலே மரச்சட்டத்தின்மேல் அடிக்கணக்கில் மண் கொட்டிய கூரை. ஒரு சுவரை இன்னொரு சுவரோடு பிடித்துக் கட்ட ஒன்றுமே கிடையாது. மூலையில் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் விழுந்தன. கூரை உள்ளே இறங்கியது. 2002ல் வந்த புதிய வரைபடத்தில் மண்டலம் ஒன்று என்பதையே எடுத்துவிட்டார்கள். நம் சிவகங்கை மாவட்டம் அதில் மண்டலம் இரண்டு. தமிழ்நாட்டிலும் பூமி ஆடாமல் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் வந்தது 6 அளவை ஒட்டியது. 2001 செப்டம்பர் 25ல் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் வந்தது 5.5. சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

தட்டு ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும்போது அந்த நெருக்கல் நடு வரைக்கும் வரும். வரிசையில் முன்னால் இருப்பவர் சுவரில் முட்டினால், நடுவில் நிற்பவருக்கும் விலா வலிக்கும் அல்லவா? பழம்பாறையில் கோண்ட்வானாக் காலத்து வெடிப்புகள் இருக்கின்றன. எப்போதாவது, எங்கேயாவது ஒன்று நழுவும். அடிக்கடி இல்லை. ஒரு தலைமுறையில் வராமலே போகலாம். அதனால்தான் யாரும் நம்புவதில்லை. நம் பகுதிக்கு வந்தே தீரும் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் வீடு அப்பா காலத்துக்கு மட்டும் கட்டுவது இல்லையே! கூடையைக் கட்டுகிற கயிறு மாதிரி நான்கு சுவரையும் அந்தப் பட்டை பிடித்துக்கொள்ளும். பூமி ஆடாவிட்டாலும், நம் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது சுவரில் வெடிப்பு ஓடாமல் அது கொஞ்சம் தடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உண்மையில் இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் கொத்தனார் தலையாட்டினார்.

அப்பா ராத்திரி முழுக்க யோசித்தார் என்று நினைக்கிறேன். காலையில் கம்பிக் கடைக்குப் போகும்போது, "எத்தனை கிலோ வரும்னு எழுதிக் குடு" என்றார். கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். நான் போட்ட கணக்கில் அப்பா காசு செலவழித்தது அதுதான் முதல் தடவை. மூலையில் கம்பியை முட்டவிட்டு நிறுத்தாமல் வளைத்து, அடுத்த சுவருக்குள் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்று நானே ஏறி நின்று பார்த்தேன். கான்கிரீட் போட்ட அன்று மட்டம் பார்க்க கொத்தனார் சுவரில் பென்சிலால் கோடு கிழித்தார். அப்பா அதைக் காட்டி, "இது நம்ம சிவகங்கைக் கரியாத்தா?" என்று கேட்டார். தெரியலப்பா, மடகாஸ்கராகவும் இருக்கலாம் என்றேன். "எல்லாம் ஒரே ஊருதானே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.